இரண்டு கடல்கள், இரண்டு பவளத் தோட்டங்கள்



பவளப்பாறை வெறும் கல் அல்ல. பூமொட்டு போன்ற சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்பால் கட்டிய வீடு அது. அந்த உயிர்களின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் ஊட்டுகின்றன.

எல்லாப் பவளமும் ஒரே வடிவமா? இல்லை. மான்கொம்பு போல் கிளைவிடுவது உண்டு. மேசை போல் விரிவது உண்டு. பாறாங்கல் போல் திரள்வதும் உண்டு. கிளைப் பவளம் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் கூட வளரும். திரள் பவளம் 1 சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது.

கிரிக்கெட் ஆடும் மேற்கிந்தியத் தீவுகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை இருப்பது கரீபியன் கடலில். அங்கே பாறை கட்டும் பவள வகைகள் சுமார் 60. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களிலோ 500-க்கும் மேல்!

ஏன் இந்த வித்தியாசம்? சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமாவில் நிலம் எழுந்தது. கரீபியன் கடல் பசிபிக் கடலிலிருந்து பிரிந்தது. கரீபியனில் அழிந்த வகைகளுக்கு ஈடாக அங்கிருந்து புதியவை வர வழியில்லாமல் போனது.

வகை குறைந்தால் என்ன நஷ்டம்? கரீபியனில் மான்கொம்புக் குடும்பத்தில் இரண்டே இனங்கள். அவைதான் பெரிய கிளைகளாக வளர்ந்து அலையை உடைத்தன. 1970-களின் கடைசியில் வெண்பட்டை நோய் பரவியது. இரண்டு இனங்களும் பெரும்பகுதி மடிந்தன. 1983-ல் களைப்பாசியை மேயும் கடல் முள்ளெலிகளும் நோயில் செத்தன. களைப்பாசி பாறையை மூடியது.

இரண்டே கொத்தனார் உள்ள ஊரில் இருவரும் படுத்தால் கட்டட வேலை என்னவாகும்? அதுதான் அங்கே நடந்தது. இந்து மகா சமுத்திரம், பசிபிக் இரண்டிலும் சேர்த்து அதே குடும்பத்தில் 100-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒன்று விழுந்தால் இன்னொன்று கட்டும்.

அதற்காக அலட்சியம் கூடாது. கடல் சூடேறினால் நுண்பாசிகள் வெளியேறும். பவளம் வெளுக்கும். சூடு நீடித்தால் சாகும். வெப்பம் எல்லாக் கொத்தனாரையும் ஒன்றாகப் படுக்க வைக்கும். 1998, 2016, 2024 ஆண்டுகளில் பல கடல்களில் பவளம் வெளுத்தது.

லட்சத்தீவு மக்கள் பவளத்தின் மேல்தான் வாழ்கிறார்கள். பவளப்பாறை அலையைத் தடுக்கிறது, மீனுக்கு வீடாகிறது. 2001 முதல் கல் பவளங்களை எடுப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். பவளத்தின் மேல் நங்கூரம் போடாதீர்கள். அழகுக்காக ஒடித்து எடுக்காதீர்கள். வெளுத்த பவளமும் சூடு தணிந்தால் பிழைக்கும். அதை உடைத்துவிட்டால் பிழைக்குமா?