வியெலிச்கா உப்புச் சுரங்கம்

உப்பு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன தூத்துக்குடி உப்பளங்களும், அங்கே வெயிலில் மின்னும் வெண்குவியல்களுமே. போலந்து நாட்டின் தென்பகுதியில், கிராக்கோ நகருக்கு அருகிலுள்ள வியெலிச்கா என்னும் ஊரிலோ, உப்பைக் காணப் பூமிக்குள் இறங்குதல் வேண்டும். ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அங்கிருந்த கடல் வற்றியபோது படிந்த உப்பு, மண்ணுக்கடியிற் பாறையாய் இறுகிக் கிடக்கின்றது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் இந்துப்பு என விற்பதும் இவ்வாறு வெட்டியெடுக்கும் உப்பே.

மரப்படிகள் ஏறத்தாழ 380 இறங்கினால்தான் பார்வையாளர்க்குரிய முதல் தளம் வரும். அறுபதைக் கடந்த முழங்கால்களுக்கு அது ஒரு சோதனை! அங்கே சுவரைக் கண்டால் உப்பென்று நம்ப மனம் வராது. கருங்கல்லைப் போலச் சாம்பல் நிறம். தொட்ட விரலை நாவில் வைத்த பின்னரே ஐயம் தீரும்.

13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சுரங்கத் தொழில் 1996இல் நின்றது. ஆழம் 327 மீட்டர். வழிகளின் மொத்த நீளம் 240 கிலோமீட்டருக்கும் மிகுதி. மூன்றாம் காசிமிர் மன்னர் 1368இல் இத்தொழிலுக்கெனச் சட்டமே வகுத்தார். அரசின் வருவாயில் மூன்றிலொரு பங்கை அக்காலத்தில் உப்பே ஈட்டித் தந்தது என்பர்.

101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்கா ஆலயம் உள்ளது. 1896இல் தொடங்கிச் சுரங்கத் தொழிலாளரே செதுக்கியது. தளம், பீடம், சிலைகள் யாவும் உப்பு. சரவிளக்குகளில் தொங்குவனவும் உப்புப் படிகங்களே. பார்ப்போர் மெய்ம்மறப்பர். ஆயினும் அதைக் கண்ட நிறைவோடு பலர் மேலேறிவிடுகின்றனர். இன்னும் கீழே, 135 மீட்டர் ஆழத்தில் உள்ள அருங்காட்சியகமே என் உள்ளத்தை மிகுதியும் கவர்ந்தது.

அங்கே நிற்பவை குதிரைகள் சுற்றிய பெரிய மரச் சக்கரங்கள். நம் ஊர்ச் செக்கினை நினைத்துக்கொள்ளுங்கள். குதிரைகள் வட்டமாய் நடக்க, நடுத்தண்டு சுழலும். அதனுடன் சுழலும் உருளையிற் கயிறு சுற்றிக்கொள்ள, உப்புப் பாளம் மேலே வரும். போலந்து, சாக்சனி, ஹங்கேரி என இவற்றுள் மூவகை உண்டு. பாளங்களைப் பீப்பாய் வடிவில் செதுக்கியதும் உருட்டிச் செல்வதற்காகவே. சுரங்கத்தின் கடைசிக் குதிரையான பாஷ்கா 2002இல்தான் மேலே வந்தது.

மனிதர் பட்ட பாடு அதனினும் கொடிது. மீத்தேன் வாயு காற்றினும் இலேசானது. ஆகவே கூரையை ஒட்டித் தங்கும். அது பெருகி வெடிக்குமுன் எரித்துவிட, ஈர உடை அணிந்தோர் நீண்ட கழிநுனியில் தீப்பந்தம் ஏந்தித் தரையோடு தவழ்ந்து சென்றனர். பாவத்திற்குக் கழுவாய் தேடுவோர் என்றே அவர்களுக்குப் பெயர் வழங்கிற்று.

இவற்றைக் காத்துத் தந்தவர் ஆல்ஃபோன்ஸ் டுவுகோஷ் என்னும் ஓவியர். ஆசிரியராகவும் விளங்கியவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கைவிடப்பட்ட இருண்ட அறைகளில் கேட்பாரற்றுக் கிடந்த பொறிகளை அவர் தேடித் திரட்டினார். 1951இல் அருங்காட்சியகத்தை நிறுவினார். உப்பேறிய மரம் எளிதில் உளுப்பதில்லை. அதனால் அச்சக்கரங்கள் தாம் உழைத்த பூமிக்கடியிலேயே இன்றும் நிற்கின்றன.