திருவிழா தெரிந்த பிள்ளைக்குச் சைவநெறியில் ஏன் எஸ்?

(நானுஓயாவில் நிகழ்த்திய நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் நம் கண் முதலில் தேடுவது கணிதத்தை. பிறகு விஞ்ஞானம், ஆங்கிலம். அவற்றில் சறுக்கினால் பெற்றோர் கூட்டம் போடுகிறோம், மாலை வகுப்பு வைக்கிறோம். சமயபாடமான சைவநெறிக்கு நேரே எஸ், அதாவது சாதாரணச் சித்தி, என்று இருந்தாலோ, "பாஸ்தானே" என்று தாளை மடித்து வைத்துவிடுகிறோம். அந்த எஸ்ஸைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

உயர்தர வகுப்புக்குப் போக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் மூன்றேனும் திறமைச் சித்தியாக, சி அல்லது அதற்கு மேலாக இருக்க வேண்டும். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் படித்து விஞ்ஞானத்தில் சி வாங்குவது பெரும்பாடு. சமயபாடத்துக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. எல்லாரும் கட்டாயம் எழுதும் பாடம். மூன்று திறமைச் சித்திகளில் ஒன்றை அங்கே உறுதிப்படுத்திவிடலாம். அதை நழுவவிட்ட பிள்ளை ஆறு பாடத்தில் தேறியும் உயர்தரத்துக்குப் போக முடியாமல் கொழும்புக் கடையொன்றுக்குப் பஸ் ஏறுகிறது. இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சமயம் தெரியாதா? மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை ஒழுங்கு தவறாமல் சொல்வார்கள். கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் ரோதை முனிக்கு ஏன் பூசை என்றும் சொல்வார்கள். மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டால் இரவிரவாகக் குளிரில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ரதியும் மன்மதனும் மணம் முடிப்பது, சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுவது, ரதி தடுத்து அழுவது, நெற்றிக்கண் திறந்து அவன் எரிவது, மூன்றாம் நாள் எழுப்புவது என்று முழுக்கதையும் தப்பு அடியோடு அவர்களுக்கு மனப்பாடம். வேடம் கட்டுவது சித்தப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார்.

அதே பிள்ளையிடம் சிவன் வீரம் காட்டிய எட்டு இடங்களான அட்டவீரட்டத் தலங்களைக் கேளுங்கள், விழிக்கும். சிவன் காமனை எரித்த இடமாகச் சொல்லப்படும் திருக்குறுக்கை அந்த எட்டில் ஒன்று. தன் லயத்து முற்றத்தில் ஆண்டுதோறும் பார்ப்பதுதான் புராணத்திலும் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த இடைவெளிக்கு ஒரு வரலாறு உண்டு. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பாடசாலைகளின் கற்பிக்கும் முறையை நன்கு அறிந்தவர் அவர். சைவ வினாவிடை எழுதிச் சைவத்தை வகுப்பறைக்கு உரியதாக்கினார். அந்தப் பணி இல்லாவிட்டால் இன்று சைவநெறி என்றொரு பாடமே இருந்திருக்குமோ தெரியாது. நாவலர் வேண்டியது ஆகமச் சைவம். பலியிடும் வழிபாட்டை அவர் கடுமையாகக் கண்டித்தார். அந்த மரபில் வளர்ந்த பாடத்தில் திருமுறை, நாயன்மார், பதி பசு பாசம் எல்லாம் இருக்கும். நம் காவல் தெய்வங்களான முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் இடம் அரிது. நாவலரை நான் குறை சொல்லவில்லை. பதி பசு பாசம் நம் பிள்ளைகளும் படிக்க வேண்டியதே. பாடத்தை இலேசாக்குங்கள் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குக் கூட்டிப்போங்கள் என்கிறேன்.

வகுப்பறையில் என்ன நடக்கிறது? நேரசூசியில் யாருக்குப் பாடவேளை குறைகிறதோ அவர் தலையில் சைவநெறி விழுகிறது. அவர் குறிப்புச் சொல்ல, பிள்ளைகள் எழுதுகிறார்கள். முதலாம் பத்திரத்தின் பல்தேர்வு வினாக்களை ஓரளவு சமாளித்துவிடுகிறார்கள். இரண்டாம் பத்திரத்தில் விளக்குக, காரணம் தருக என்று வரும்போது பேனா நின்றுவிடுகிறது. தன் சொல்லில் ஒரு பந்தி எழுதப் பழகாத பிள்ளை சரியையையும் கிரியையையும் எப்படி விளக்கும்?

வீட்டிலும் இதற்கு உதவி கிடைப்பது அரிது; அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1920ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் துரைமாரிடம் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தச் சொன்னது, ஆறு வயது முதல் பத்து வயது வரைக்கும். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் நாம் வெளியேதான் நின்றோம். 1977க்குப் பிறகே தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. நம் குடும்பங்கள் பலவற்றில் சாதாரண தரம் எழுதும் முதல் தலைமுறை, அல்லது இரண்டாவது தலைமுறை, இந்தப் பிள்ளைகள்தாம். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள் என்று அனுப்பிவிட முடியாது.

ஆனால் வீட்டில் கேட்கக்கூடியது ஒன்று இருக்கிறது. பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒவ்வொன்றும் தன் தோட்டத்துக் கோயில் திருவிழாவை ஒரு பக்கம் எழுதட்டும்; அப்பாயியிடமும் பூசாரியிடமும் கேட்டு எழுதட்டும். கரகம் பாலிப்பது, கொடியேற்றம், அபிடேகம் என்று அதில் வரும் ஒவ்வொன்றுக்கும் நேரே, பாடநூலில் அது எங்கே வருகிறது, எங்கே மாறுகிறது என்று ஆசிரியர் காட்டட்டும். மாதம் ஒரு முறை இரண்டாம் பத்திர வினா ஒன்றை எழுதவைத்துத் திருத்திக் கொடுங்கள். கொழும்பு விவேகானந்த சபை நடத்தும் சைவசமயப் பரீட்சைக்கும் பிள்ளைகளை அனுப்புங்கள். மண்டபத்தில் உட்கார்ந்து எழுதும் பயம் தெளியும்.

கடைசியாக, நம் வகுப்புகளில் இருக்கும் கத்தோலிக்க, கிறிஸ்தவப் பிள்ளைகளைப் பற்றி. ஒரு வகுப்பில் மூன்று பேர், நான்கு பேர். சைவநெறிப் பாடவேளையில் பின்வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய சமயத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களும் அதே மண்டபத்தில் பரீட்சை எழுதுகிறார்கள். இந்த அறக்கட்டளையின் வட்டிப் பணம் பெரிதில்லை. ஆனாலும் நானுஓயாவைச் சுற்றியுள்ள பாடசாலைகளின் இந்தப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் ஒரே இடத்தில் சேர்த்து, ஓர் ஆசிரியரை வரவழைத்து, பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுக்க அது போதும். அறங்காவலர்களிடம் பேசிவிட்டேன், சம்மதித்திருக்கிறார்கள். அதிபர்கள் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை இந்தத் தவணை முடிவதற்குள் தந்துவிட வேண்டும்.