ஆடிக் காத்துல விமானத்தோட மூக்கை எந்தப் பக்கம் திருப்பணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே தொகுக்கப்பட்டது.)

இந்த எபிசோடை ராஜபாளையத்துல எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி உய்யுனு ஒரு சத்தம் கேட்குதுல்ல, அது மைக் பிரச்சனை இல்ல. மலையில இருந்து இறங்குற மேல்காத்து. ஆடி மாசம்னா இப்படித்தான்.

இன்னைக்குப் பேசப் போறதும் காத்தைப் பத்தித்தான். கூடவே நான் எழுதின ஒரு கோடுல இருந்த பிழையைப் பத்தியும்.

என் காலேஜ் நண்பன் ஒருத்தன் தனியார் பைலட் லைசென்ஸுக்குப் படிக்கிறான். நம்ம நாட்டுல அதுக்குக் குறைஞ்சது 40 மணி நேரம் பறக்கணும், ஏர் நேவிகேஷன் பரீட்சையும் உண்டு. "காத்துக்கு ஏத்த மாதிரி எத்தனை டிகிரி திரும்பணும்னு கணக்குப் போட ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுடா"னு கேட்டான். முக்கோணக் கணக்குதானே, அரை மணி நேரத்துல எழுதி அனுப்பிட்டேன்.

முதல்ல பிரச்சனை என்னன்னு பார்ப்போம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ராஜபாளையத்துக்கு பைக்ல வந்தவங்களுக்குத் தெரியும், காத்து வலது பக்கமா முகத்துல அடிக்கும். வண்டி லேசா தள்ளும். ஆனா டயர் ரோட்டைப் பிடிச்சிருக்கு, நீங்க ரோட்டுலயேதான் இருப்பீங்க. விமானத்துக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அது காத்துக்குள்ள இருக்கு. காத்து மொத்தமா கிழக்கே நகர்ந்தா விமானமும் கூடவே நகரும். ஓடுற ஆத்தை நீந்திக் கடக்குற மாதிரி. எதிர்க்கரைப் படித்துறைக்குப் போகணும்னா, நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமா கொஞ்சம் சாய்ச்சு நீந்தணும்.

இப்போ நிஜ ஊர்களை வச்சு கணக்குப் போடுவோம். மதுரை விமான நிலையத்துல இருந்து தூத்துக்குடி விமான நிலையம், அதாவது வாகைக்குளம், கிட்டத்தட்ட நேர் தெற்கு. திசை 184 டிகிரி, தூரம் சுமார் 67 நாட்டிகல் மைல். சின்ன விமானத்தோட வேகம் 90 நாட்னு வச்சுக்குவோம். காத்து 270 டிகிரி, 20 நாட். மேல்காத்து, வலது பக்கமிருந்து நேரா அடிக்குது.

காத்தைக் கண்டுக்காம 184-லயே போனா என்ன ஆகும்? 45 நிமிஷத்துல காத்து உங்களை 15 நாட்டிகல் மைல், அதாவது 28 கிலோமீட்டர் கிழக்கே தள்ளிடும். வாகைக்குளத்துக்குக் கிழக்கே 28 கிலோமீட்டர்ல தூத்துக்குடி ஊரும் தாண்டிருக்கும், துறைமுகமும் தாண்டிருக்கும். கீழே மன்னார் வளைகுடா. ஒத்தை இன்ஜின் விமானம்.

இதைத் தவிர்க்க பைலட்டுங்க மனசுலயே போடுற ஒரு கணக்கு இருக்கு. காத்தோட வேகத்தை விமான வேகத்தால வகுத்து, 60-ஆல பெருக்குங்க. 20-ஐ 90-ஆல வகுத்து 60-ஆல பெருக்கினா சுமார் 13. பக்கக் காத்துன்னா அதிகபட்சம் 13 டிகிரி திரும்பணும். காத்து வர்ற பக்கம் திரும்பணும். 184-ஓட 13-ஐக் கூட்டினா 197.

நான் எழுதின ஸ்கிரிப்ட் சொன்னது 171.

நண்பன் போன் பண்ணினான். "டேய், காத்து வலது பக்கமிருந்து வருது. உன் ஸ்கிரிப்ட் இடது பக்கம் திரும்பச் சொல்லுது. கட்டைவிரலை நீட்டிப் பார்த்தாலே தப்புன்னு தெரியுதேடா!"

பிழை என்னன்னா, 270-ன்னதும் காத்து 270-ஐ நோக்கிப் போகுதுன்னு எடுத்துக்கிட்டேன். வானிலை அறிக்கையில சொல்றது காத்து எங்கிருந்து வருதுங்கிறதை. என் கணக்குப்படி போயிருந்தா தள்ளல் ரெட்டிப்பாகி, 55 கிலோமீட்டர் விலகல். நடுக்கடல். எரர் எதுவும் வரல, புரோகிராம் அழகா ஓடிச்சு. அதுதான் பயமே.

வெட்கக்கேடு என்னன்னா, தமிழ்ல இதுக்குப் பாடமே தேவையில்ல. தெற்கிலிருந்து வந்தா தென்றல், வடக்கிலிருந்து வந்தா வாடை, கிழக்கிலிருந்து வந்தா கொண்டல். எங்கிருந்து வருதோ அதுதான் பேரு. நம்ம பாட்டிக்குத் தெரிஞ்சது என் கோடுக்குத் தெரியல.

சரி, காத்து சாய்வா வந்தா? மதுரையிலிருந்து ராஜபாளையம் 234 டிகிரி, 40 நாட்டிகல் மைல். அதே காத்துன்னா இடைக்கோணம் 36. கடிகாரத்தை நினைச்சுக்கோங்க. 15-ன்னா கால் பங்கு, 30-ன்னா பாதி, 45-ன்னா முக்கால், 60-ம் அதுக்கு மேலயும் முழுசு. 36-ன்னா 0.6. 13-ல 0.6 பங்கு, 8 டிகிரி. ஆக 242.

இந்த வழியில ஸ்ரீவில்லிபுத்தூர் கிட்டத்தட்ட அதே கோட்டுலயே வரும். 192 அடி ராஜகோபுரம் மாதிரி ஒரு அடையாளம் எங்க கிடைக்கும்? பாதி வழியில 20 மைல்ல நீங்க 2 மைல் விலகியிருந்தா, 60 மைலுக்கு 6 மைல், அதாவது 6 டிகிரி தப்பு. அதை ரெட்டிப்பாக்கி 12 டிகிரி திரும்பினா மீதி 20 மைல்ல சரியா ஊருக்கு வந்து சேரலாம்.

எரிபொருள் கணக்குலயும் ஒரு பொறி இருக்கு. போகும்போது எதிர்க்காத்து, வரும்போது பின்காத்து, ரெண்டும் சமமாயிடும்னு தோணும். ஆகாது. போக 33 நிமிஷம், வர 23, மொத்தம் 56. காத்தே இல்லன்னா 53-தான். எதிர்க்காத்துல அதிக நேரம் மாட்டிக்கிறதால வர்ற நஷ்டம் இது.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு பக்கவாட்டுத் தள்ளலுக்கு மட்டும்தான். நம்ம மேற்குமலை 1,500 மீட்டரைத் தாண்டும். மேல்காத்து அதைத் தாண்டி விழும்போது நம்ம பக்கம் கீழ்நோக்கி அமுக்கும், சுழலும். சின்ன விமானத்தை ஆடி மாசம் மலையடிவாரத்துக்குக் கொண்டு போகலாமாங்கிற கேள்விக்கு எந்த முக்கோணமும் பதில் சொல்லாது. அதைப் பயிற்சியாளர்கிட்டதான் கேட்கணும். நான் பைலட் இல்ல.

1932 அக்டோபர்ல ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியா சென்னைக்குக் கொண்டு வந்தார். இன்னைக்கு ஒவ்வொரு போன்லயும் இருக்கிற ஜி.பி.எஸ். அப்போ ஏது? இப்பவும் பயிற்சியில எதுக்குக் கையால போடச் சொல்றாங்கன்னு எனக்கு இப்பத்தான் புரியுது. மெஷின் தப்பாச் சொன்னா, தப்புன்னு சொல்ல உங்க மனசுல ஒரு பதில் முன்னாடியே இருக்கணும்.

ஸ்கிரிப்ட்டைத் திருத்திட்டேன். முதல் டெஸ்ட் கேஸுக்குப் பேரு "தென்றல்": தெற்குக் காத்து, கிழக்கே பயணம், மூக்கு வலது பக்கம் திரும்பணும். அது பாஸ் ஆனப்புறம்தான் மத்ததெல்லாம் ஓடும். நண்பன் இன்னும் அதை நம்பல. முதல்ல கையால போட்டுட்டு அப்புறம்தான் ஓட்டிப் பார்க்கிறான். நல்லதுதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். மாடியில காயப்போட்ட துணி பறக்குது, எடுக்கணும்!