கேட்கப்படாத சம்மதம்

 

ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் மூத்த மகன் ஜோசப் 1741இல் பிறந்தார். 1760இல் பார்மா நாட்டு இளவரசி இசபெல்லாவை மணந்தார். மனைவியின் மீது உயிரையே வைத்திருந்தார். இசபெல்லாவின் நெஞ்சமோ கணவரின் தங்கை மரியா கிறிஸ்தினாவையே நாடியது. அவருக்கு இசபெல்லா பிரெஞ்சு மொழியில் எழுதிய கடிதங்களில் ஏறத்தாழ 200 கிடைத்துள்ளன. 1763 நவம்பரில் பெரியம்மை இசபெல்லாவைக் கொண்டுபோயிற்று.

எஞ்சியது ஒரு பெண் குழந்தை. அரியணைக்கு ஆண் வாரிசு வேண்டும் என்று தாய் வற்புறுத்தினார். மறுமணம் தவிர்க்க இயலாதெனில் இசபெல்லாவின் தங்கை மரியா லூயிசாவையே மணப்பேன் என்றார் ஜோசப். அப்போது பன்னிரண்டு வயதே ஆன அச்சிறுமி ஸ்பெயின் இளவரசருக்கு நிச்சயிக்கப்பட்டவள். ஸ்பெயின் விட்டுக்கொடுக்கவில்லை.

பின்னர் இருவர் பெயர்கள் முன்வந்தன: சாக்சனி நாட்டுக் குனிகுண்டே, பவேரியா நாட்டு ஜோசபா. 1764இல் ஜோசப் இருவரையும் நேரில் பார்த்தார். எவர் மீதும் மனம் செல்லவில்லை. பவேரிய மன்னர் மகப்பேறு இல்லாதவர். ஜோசபா அவருடைய தங்கை. அந்நாட்டின் மீது வைத்த கண்ணே முடிவு செய்தது. 1765 ஜனவரியில் திருமணம் நடந்தது.

ஜோசப் அவரை ஒதுக்கியே வைத்தார். தோற்றத்தை இகழ்ந்து கடிதங்கள் எழுதினார். 1767 மே மாதம் ஜோசபாவும் பெரியம்மையால் மறைந்தார்; வயது 28. இறுதிச் சடங்கிற்குக் கணவர் செல்லவில்லை. 1777இல் பவேரிய மன்னர் இறந்தபோது, உரிமை கொண்டாட ஜோசபாவின் வயிற்றுப் பிள்ளை ஒன்றும் இல்லை. மறு ஆண்டு போர் மூண்டது. 1779இல் டெஷன் உடன்படிக்கையில் ஆஸ்திரியாவுக்குக் கிட்டியது இன் ஆற்றங்கரைச் சிறு நிலப்பகுதி மட்டுமே. தள்ளப்பட்ட குனிகுண்டேயோ 1776இல் எஸ்ஸன் பெண்துறவியர் மடத்தின் தலைவியாகி, மடத்துக்குரிய நாட்டை ஆண்டார்!

இவ்வரலாற்றை நான் பல்லாண்டுகள் வகுப்பில் ஜோசப்பின் துயரக் கதையாகவே சொல்லி வந்தேன். ஒரு நாள் மாணவி ஒருத்தி எழுந்து, "அந்த ஜோசபாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா, அம்மா?" என்றாள். நான் நாணி நின்றேன். ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற எனக்கு அக்கேள்வி அதுவரை தோன்றவில்லையே!

இசபெல்லா எழுதினார், ஆகவே இன்றும் அவர் குரலை அவர் வாயாலேயே கேட்கிறோம். ஜோசபாவையோ அவரை வெறுத்தவரின் எழுத்தைக் கொண்டே அறிகிறோம். எழுதுகோல் யார் கையில் இருக்கிறதோ, வரலாறும் அவர் பக்கமே சாய்கிறது.

கவிஞர்களே! பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தில் பெண்ணைப் பற்றி எத்தனையோ கவிதைகள் அரங்கேறியிருக்கும். அவற்றுள் எத்தனை அவள் சொல்ல எழுதியவை, எத்தனை அவளைப் பார்த்து எழுதியவை என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள்.