'தகுதியுள்ள' என்ற ஒரு சொல்

(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)

போன வாரம் லிஃப்ட் அருகே ஒருவர், "இலவசத்துக்குத்தான் ஓட்டுப் போடுறாங்க" என்று அலுத்துக்கொண்டார். உங்கள் கரண்ட் பில்லைப் பாருங்கள். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. 2016 தேர்தல் வாக்குறுதி அது, நானும் அனுபவிக்கிறேன். சிப்காட் ஆலைகள் பெறும் மூலதன மானியத்தை மட்டும் நாம் இலவசம் என்பதில்லை.

கொடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2021-இல் தி.மு.க. சொன்னது. 2023 செப்டம்பர் 15 அன்று நம் காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது 'தகுதியுள்ள' என்ற சொல் சேர்ந்திருந்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், மின்சாரம் 3,600 யூனிட் என வரம்புகள். அப்படிச் சுருக்கியும் சுமார் 1.06 கோடிப் பேர். வருடத்துக்கு 12,000 கோடிக்கு மேல். கூட்டுறவு நகைக்கடனும் அப்படியே. 5 பவுன் வரை தள்ளுபடி என்றார்கள். 48 லட்சம் கடன்களில் 35 லட்சம் ஆய்வில் கழிந்தன.

2006-இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானபோது என் கவுண்டரில் ஒரு விவசாயி, "நம்ம பேங்குக்கு இல்லையா சார்?" என்றார். இல்லை என்றேன். அதன்பின் அவர் தவணை கட்டவில்லை. 2008-இல் மத்திய அரசுத் தள்ளுபடியில் அவர் கடன் போனது. ஒழுங்காகக் கட்டிய பக்கத்து நிலத்துக்காரர் என்னைத்தான் முறைத்தார்.

ஆகவே வேட்பாளர் வந்தால் தொகையைக் கேட்காதீர்கள். யாருக்கு, எந்த வரவிலிருந்து என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு அந்த 1,000 வருவதில்லை. ஒரு ரேஷன் அட்டைக்கு ஒருவர்தான், மாமியாருக்கு வருகிறது. "ஓட்டு மட்டும் எனக்குத் தனியாத்தானே சார் இருக்கு?" என்றார்.