ஏறும் மலையும் ஏறுவோர் அளவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

இம்மேடையில் இலக்கியம் பேசுவதற்குப் புலவர் பெருமக்கள் இருக்கிறார்கள். அடியேன் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இரயில்வேயில் கலாசியாக இருந்த என் தந்தையார் மறைந்தபின் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனவன். எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று இரயில் பாதை. மற்றொன்று அப்பாதையின் ஓரத்தில் நிற்கும் சகயாத்திரி மலை. ஆகவே மலையைப் பற்றியே பேச விழைகிறேன்.

காஷ்மீரத்தில் குல்மார்க் என்றோர் ஊர் உண்டு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் அங்கே மக்கள் கால்களில் நீண்ட சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு பனிச்சரிவுகளில் சறுக்கி விளையாடுகிறார்கள். கோடையில் புல்வெளியாக இருக்கும் மெல்லிய சரிவு புதியவர்களுக்கு உரியது. கம்பிவட வண்டியில் ஏறி அடையும் அபர்வத் மலையின் சரிவு நன்கு தேர்ந்தவர்களுக்கு உரியது. பிரான்சு நாட்டிலோ இந்த வேறுபாட்டை நிறத்தினாலேயே குறித்துப் பலகை நட்டிருக்கிறார்கள். மிக எளியது பச்சை, எளியது நீலம், கடினமானது சிவப்பு, மிகக் கடினமானது கருப்பு. புதிதாய்க் கற்பவன் கருப்புச் சரிவில் இறங்கினால் அவனை வீரன் என்று எவரும் புகழமாட்டார். அறிவிலி என்றே சொல்வர்.

நம் சகயாத்திரி மலையில் பனியும் இல்லை; நிறப் பலகையும் இல்லை. ஆனால் எளிய வழியும் கொடிய வழியும் அங்கும் உண்டு. பலகை இல்லாத இடத்தில் நாமே நம் மனத்தில் பலகை நட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு இரயிலே நமக்கு ஆசான்.

நெல்லைச் சீமையிலிருந்து நாகர்கோயில் வண்டியில் வந்தவர்கள் நம்மில் பலர். புனே தாண்டி, லோனாவளா தாண்டி, அவ்வண்டி போர் காட் என்னும் கணவாயில் இறங்குகிறது. அப்பாதை 1863ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 37 அடி சென்றால் 1 அடி ஏறும் செங்குத்து அது. மும்பையிலிருந்து மேலே செல்லும் வண்டிகள் பலவற்றிற்குக் கர்ஜத் நிலையத்தில் பின்புறம் துணை எஞ்சின்களைச் சேர்க்கிறார்கள். கீழே இறங்கும் வண்டி கட்டுமீறி ஓடினால், அதனை ஏற்றமான கிளைப்பாதையில் திருப்பி நிறுத்தவும் ஏற்பாடு உண்டு. ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் கொண்ட எஞ்சின், "இந்த ஏற்றம் எனக்கு மிகுதி, துணை வேண்டும்" என்று ஒப்புக்கொள்கிறது. மனிதனோ ஒப்புக்கொள்வதில்லை. எஞ்சினுக்கு உள்ள அடக்கம் எனக்கு இல்லாமற்போன கதையைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் மலைகளைக் காண்போம்.

பச்சை வழி: மாதேரான்

முதியோர்க்கும் சிறுவர்க்கும், முழங்கால் வலி உள்ள தாய்மார்க்கும் நான் முதலிற் சொல்வது மாதேரான். 1850ஆம் ஆண்டில் தாணா கலெக்டராக இருந்த ஹ்யூ மாலெட் என்பவரால் வெளியுலகுக்கு அறிமுகமான மலை. உயரம் ஏறத்தாழ 800 மீட்டர். நேரல் நிலையத்திலிருந்து 2 அடி அகலமே உள்ள தண்டவாளத்தில் 1907 முதல் ஓடும் சிறு இரயில், வளைந்து வளைந்து மேலே செல்கிறது. 2019ஆம் ஆண்டு மழையில் பாதை சிதைந்து, 2022இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஊருக்குள் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. அண்மையில் மின்சார ரிக்ஷாக்களை மட்டும் அனுமதித்திருக்கிறார்கள். செம்மண் வழியில் மரநிழலிலேயே ஷார்லட் ஏரிக்கும் பனோரமா முனைக்கும் நடக்கலாம். மூச்சு இரைக்காது. ஆனால் முனைகளின் விளிம்பில் குழந்தையின் கையை விடலாகாது. தின்பண்டத்தைக் கையிற் பிடித்தால் குரங்குக்கு அது அழைப்பு.

அதனினும் அருகில் வேண்டுமாயின் போரிவலி தேசியப் பூங்காவுக்குள் கன்ஹேரி இருக்கிறது. பௌத்தத் துறவியர் குடைந்த குகைகள் நூற்றுக்கு மேல் அங்குள்ளன. பாறையில் வெட்டிய படிகளில் ஏறி இறங்கிப் பழகுவதே குழந்தைகளுக்கு முதற்பாடம்.

நீல வழி: லோகாகட்

லோனாவளாவில் புனே லோக்கலில் மாறி மளவலியில் இறங்கினால், பாஜே சிற்றூர் வழியாக லோகாகட் கோட்டைக்கு நடக்கலாம். உயரம் 1,033 மீட்டர். அகன்ற கற்படிகள், ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள், உச்சியிலிருந்து தேளின் கொடுக்குப் போல நீண்டு செல்லும் ஒரு மலைமுகடு. அதனை மராத்தியர் விஞ்சுகாட்டா என்கின்றனர். வழியிலேயே கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாஜே குகைகளையும் காணலாம். ஓரளவு நடந்து பழகியவர்க்கு இது ஒரு நாள் இன்பம்.

இக்கோட்டையில் தமிழர்க்குத் தனியுரிமை ஒன்றும் உண்டு. 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியரின் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மராட்டிய மாநிலத்தில் உள்ளன. லோகாகட் அவற்றுள் ஒன்று. பன்னிரண்டாவது எது தெரியுமா? நம் செஞ்சி! 1677இல் சிவாஜி கைக்கொண்ட கோட்டை. பின்னர் அவர் மைந்தர் இராஜாராம் பல்லாண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டை. மளவலியில் ஏறும் தமிழன் செஞ்சியின் உடன்பிறப்பின் மீது ஏறுகிறான் என்று எண்ணிக்கொள்ளலாம்.

சிவப்பு வழி: கல்சுபாய்

மராட்டிய மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் இது. உயரம் 1,646 மீட்டர். கஸாராவில் இரயிலை விட்டு இறங்கி, சாலை வழியாக பாரி என்னும் சிற்றூரை அடைந்து ஏறத் தொடங்க வேண்டும். செங்குத்தான பாறைகளில் இரும்பு ஏணிகள் பொருத்தியிருக்கிறார்கள். உச்சியில் கல்சுபாய் அம்மனுக்குச் சிறு கோவில் உண்டு. ஏறுவதற்கே மூன்று நான்கு மணி நேரம் ஆகும். இங்கே உடல் வலிமையைவிடக் காலக் கணக்கே முக்கியம். நண்பகலுக்குள் உச்சியை அடையாதவர் இருட்டில் ஏணி இறங்க நேரிடும்.

கருப்பு வழி: கலாவந்தின்

பன்வேலுக்கு அருகிலுள்ள இக்குன்று உயரத்தில் மாதேரானைவிடச் சிறியது. ஆகவேதான் ஏமாற்றும். பாறையில் வெட்டிய குறுகிய படிகள். ஒரு பக்கம் மலை. மறு பக்கம் வெறும் வெளி. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. அரிச்சந்திரகட் மலைக்கு நளிச்சி வாட் வழியாக ஏறுவதும் இவ்வகையே. பயிற்சியும் வழிகாட்டியும் இல்லாதவர்க்கு இவை ஆகா. மழைக்காலத்தில் பாசி படிந்த நாள்களில் தேர்ந்தவர்க்கும் ஆகா.

இனி என் கதை. ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை, அலுவலக நண்பர்களுடன் கலாவந்தின் சென்றேன். பதினொரு வயது நிரம்பிய என் மகனையும் அழைத்துச் சென்றேன். அதற்கு முன் அவன் ஏறிய மலை ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு மாடிப்படிதான். பாதி வழியில் அவன் கீழே பார்த்துவிட்டான். கால்கள் நகரவில்லை. பாறையைக் கட்டிக்கொண்டு நின்றான். பின்னால் வந்த கூட்டம் "சீக்கிரம், சீக்கிரம்" என்றது. நண்பர்கள் பார்க்கிறார்களே என்ற நாணத்தில், "நீ ஆண்பிள்ளையா?" என்று அவனை அதட்டினேன். பெரியோர்களே, பிள்ளையைத் தேற்ற வேண்டிய இடத்தில் நான் என் மானத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது எலுமிச்சைச் சாறு விற்பதற்காகக் கூடையுடன் ஏறிவந்த பழங்குடி மூதாட்டி ஒருவர் கூடையைக் கீழே வைத்தார். அவன் கையைப் பற்றி, "பள்ளத்தைப் பார்க்காதே மகனே, என் கையைப் பார்" என்று மராத்தியில் சொன்னார். முகம் பாறையை நோக்க, ஒவ்வொரு படியாக அமர்த்தி அமர்த்தி இறக்கினார். கீழே வந்ததும் அவன் என்னருகில் அமரவில்லை. அந்த அம்மையாரின் அருகில் அமர்ந்தான். அவ்வம்மையார் பணம் பெற மறுத்துவிட்டார். சாற்றுக்குரிய காசை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவன் மலையின் பெயரையே எடுக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பின்னர் ஒரு நாள் மாதேரான் சிறு இரயிலில் ஏற ஆசைப்பட்டான். சென்றோம். மறு ஆண்டு லோகாகட். சென்ற குளிர்காலத்தில் அவனே கல்சுபாய் போகலாம் என்றான். ஏணி ஒன்றின் அடியில் எனக்கு மூச்சு இரைத்தது, முழங்கால் நடுங்கியது, மணியும் நண்பகலைத் தாண்டிவிட்டது. மேலே ஏறியிருந்த அவன் இறங்கி வந்து, என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "திரும்பிவிடலாம் அப்பா, அடுத்த முறை முதல் வண்டியிலேயே புறப்படுவோம்" என்றான். நான் அவனிடம் சொல்லாத ஒரு சொல்லை அவனும் என்னிடம் சொல்லவில்லை. உச்சி இன்னும் எங்களுக்குப் பாக்கியாக இருக்கிறது.

அன்பர்களே! நம் மக்களுள் பலர் பத்தடிக்குப் பத்தடி அறையில் வளர்ந்தவர்கள். ஊருக்குப் போகும் வண்டியின் சன்னல் வழியாக மட்டுமே மலையைப் பார்த்தவர்கள். குறிஞ்சி நிலத்தை ஒரு திணையாக வைத்து, அதற்கு முருகனைத் தெய்வமாகவும் வைத்த இனம் நாம். மலை நமக்கு அந்நியமாகலாகாது. ஆனால் அளவறிந்து ஏறவேண்டும். செம்பூர் செட்டா நகர் முருகன் கோவிலின் படிகளில் பேச்சு நிற்காமல் ஏற முடிகிறதா என்று முதலிற் பாருங்கள். முடியுமாயின் லோகாகட்டுக்கு வாருங்கள். இல்லையேல் மாதேரானில் தொடங்குங்கள். குழுவாகச் செல்லும்போது வலியவனைக் கொண்டு வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நம்முள் மெலிந்தவர் யாரோ அவரைக் கொண்டு தேர்ந்தெடுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுங்கள். மழைக்காலத்தில் அருவியின் அடியிலும் விளிம்பிலும் நில்லாதீர்கள். மலையடிச் சிற்றூரில் ஒரு வேளை பாக்ரியும் பிட்லாவும் விலைக்கு வாங்கி உண்ணுங்கள். அம்மலையைக் காப்பவர்கள் அவர்களே.

சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். தீபாவளி கழிந்த முதல் ஞாயிறு, நம் குடும்பங்களை மாதேரானுக்கு அழைத்துச் செல்வோம். பயணச் சீட்டுக்குரிய ஏற்பாட்டை அடியேன் பார்த்துக்கொள்கிறேன். பெயர் கொடுப்பவர்கள் வயதையும் மறைக்க வேண்டாம். நோயையும் மறைக்க வேண்டாம். கர்ஜத்தில் துணை எஞ்சின் கேட்ட வண்டியை இதுவரை எவரும் எள்ளி நகைத்ததில்லை.