மண்ணுக்குள் இறங்கிய தூண்



மதுரையிலிருந்து எந்தத் திக்கில் பேருந்து ஏறினாலும் வழிநெடுகச் சிலைகள். அவற்றுள் பல இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. வாழ்நாளெல்லாம் விடுதலை பேசியவர்கள் சிலையான பின் சிறைப்பட்ட கொடுமையை என்னென்பது! கூண்டு போட்டவர்களையும் குறை சொல்வதற்கில்லை. 1997 ஜூலையில் மும்பை ரமாபாய் குடியிருப்பில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை விழுந்தது. கண்டித்துத் திரண்டவர்களில் பத்துப் பேர் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். அதே ஆண்டு நம் தென்மாவட்டங்களில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைத்ததையொட்டிக் கலவரம் மூண்டு, கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் அரசு எடுத்தேவிட்டது.

நினைவுச் சின்னம் என்றால் உயர்ந்துதான் நிற்க வேண்டுமா? ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் ஹார்பர்க் பகுதியில், பாசிசத்துக்கு எதிராக ஒரு சின்னம் அமைக்கும் பணி யோகென் கெர்ட்ஸ், எஸ்தர் ஷாலேவ்-கெர்ட்ஸ் என்ற கலைஞர்களிடம் வந்தது. பூங்கா வேண்டாமென்று ஜன நடமாட்டமுள்ள கடைவீதிப் பக்கம் இடம் பிடித்தார்கள். 1986இல் ஈயம் போர்த்திய 12 மீட்டர் தூணை நிறுத்தி, எழுத்தாணியும் வைத்தார்கள். வந்து பெயரைப் பொறியுங்கள் என்று அரபி, துருக்கி உட்பட ஏழு மொழிகளில் அழைப்பு! கைக்கெட்டிய பகுதி நிரம்ப நிரம்பத் தூணைப் பூமிக்குள் இறக்கினார்கள். 1993இல் அது முழுதும் மறைந்தது. அநீதியை எதிர்க்க நமக்குப் பதிலாகத் தூண் வராது, மனிதர்தாம் எழ வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம்.

பெயர்கள் மட்டுமா விழுந்தன? வசைகளும் நாஜிச் சின்னங்களும் விழுந்தன. எதையும் அழிக்கவில்லை. ஊரின் மனத்தில் இருந்ததெல்லாம் சேர்ந்தே உள்ளே போயிற்று. கூண்டு கட்டிப் பழகிய நமக்கு இது புதுமைதான்.

இனி நம்மூருக்கு வருவோம். 1921 செப்டம்பரில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறியது மதுரை மேலமாசி வீதியில். அக்கோலத்தில் மக்கள் முன் தோன்றிய காந்தி பொட்டலில் சிலை இருக்கிறது. எத்தனை பேர் நின்று பார்க்கிறோம்? தமுக்கம் அருகே காந்தி மியூசியத்திலோ, 1948 ஜனவரி 30 அன்று அவர் உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த ஆடை இருக்கிறது. டில்லி முஸ்லிம்களின் பாதுகாப்புக்காக அவர் உண்ணாவிரதமிருந்த அதே மாதம் அது. அந்தத் துணிக்கு மாலையில்லை, பீடமில்லை. ஆனாலும் அதன் முன்னே பேச்சு தானே அடங்கிவிடுகிறது.

அடுத்த முறை மதுரைக்கு வந்தால் மஹாலோடு திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகளை அங்கும் அழைத்துப் போங்கள். அது என்ன கறை என்று நிச்சயம் கேட்பார்கள். பதிலைச் சொல்ல நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.